மூச்சுப் பரிசோதனையில் தப்பியது ஸ்லைடில் சிக்கியது

இந்த விமர்சனம் ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி பிரிவையும், எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜி லேபையும் பற்றியது. பெயர் எதுவும் போடவில்லை. முதலில் போன கிளினிக்கைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பாராட்டுக்குப் பெயர் போட்டுவிட்டு குறைக்குப் போடாமல் விட்டால் அது சரியாக இருக்காது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேபுக்கு ஐந்துக்கு ஐந்து. எண்டோஸ்கோபிக்கு நாலரை. மருந்து கொடுத்த கவுன்டருக்கு ஐந்து. ரிப்போர்ட்டை நோயாளி கையில் சேர்க்கும் முறைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

வயிற்று எரிச்சல், அல்சர், கேஸ் என்று அலைகிறவர்களில் பெரும்பாலோருக்கு என் கதை பொருந்தாது. எனக்கு இருந்தது இரைப்பையில் வாழும் ஒரு அபூர்வமான கிருமி. மேலை நாடுகளில் பயாப்ஸி, அதாவது இரைப்பைத் திசு எடுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது இருப்பதில்லை என்பதுதான் பொதுவான கணக்கு. அபூர்வம் என்பதாலேயே யாரும் தேடுவதில்லை, தேடாததாலேயே இன்னும் அபூர்வமாகத் தெரிகிறது. தேடிப் பார்க்கிற இடம் ஒன்றைக் கண்டேன், அதனால் எழுதுகிறேன்.

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். மேல்வயிற்றில் எரிச்சல், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்ட உணர்வு, விடாத ஏப்பம், காலையில் குமட்டல். ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை போட்டால் அடங்கும். நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடும். முதலில் போன கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டும் நெகட்டிவ். "கிருமி எதுவும் இல்லை, டென்ஷன்தான், மாத்திரையைத் தொடருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதிலில்தான் எனக்குக் கோபம். அந்த இரண்டு பரிசோதனையும் சொன்னது, இரைப்பையில் வழக்கமாகத் தேடும் கிருமியான "ஹெலிகோபாக்டர் பைலோரி தென்படவில்லை" என்பதை மட்டும்தான். அதை "கிருமி எதுவும் இல்லை" என்று நீட்டியது கிளினிக். போதாக்குறைக்கு, நான் ஆசிட் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதனையைச் செய்தார்கள். அந்த வகை மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் 4 வாரமும் நிறுத்திவிட்டுத்தான் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். மாத்திரை உள்ளே இருக்கும்போது கிருமியின் எண்ணிக்கை குறைந்துபோகும், இருந்தாலும் இல்லை என்றே வரும். இது நுணுக்கமான விஷயம் இல்லை, அடிப்படை விதி. பரிசோதனைக்கு முன்னால் யாராவது ஒருவர் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டிருந்தால் போதும்.

அப்புறம் போன இடம்தான் நான் பாராட்ட வந்த இடம். ரிசப்ஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லா ஆஸ்பத்திரியையும் போலத்தான். இரைப்பை குடல் மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளைப் படித்து முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க?" சொன்னேன். "நாய் முகத்தை நக்குமா?" நக்கும், வேலையே அப்படித்தான். "பூனை, பன்றி?" பூனை உண்டு, பன்றி இல்லை. இதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். அதைவிடப் பெரிய விஷயம், திசு லேபுக்குப் போகும்போது அதோடு போகிற படிவத்திலும் எழுதினார். நாய், பூனையோடு நெருங்கிய தொடர்பு, பைலோரி பரிசோதனைகள் நெகட்டிவ், அறிகுறி தொடர்கிறது, நீண்ட சுருள் கிருமி இருக்கிறதா பார்க்கவும் என்று. பெரும்பாலும் அந்தப் படிவத்தில் "வயிற்று வலி" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று லேபில் பின்னால் சொன்னார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் இருப்பவருக்கு என்ன தேட வேண்டும் என்று தெரிந்தால் தேடுகிற விதமே மாறும் இல்லையா?

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இரைப்பையில் வாழக்கூடியது பைலோரி மட்டும் இல்லை. அதே ஹெலிகோபாக்டர் குடும்பத்தில் பன்றியின் இரைப்பையில் வாழும் சூயிஸ், பூனையிலும் நாயிலும் காணப்படும் ஃபெலிஸ், ஹைல்மன்னி, பிஸ்ஸோசெரோனி, சலோமோனிஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. விலங்குகளில் இவை சர்வசாதாரணம். மனிதனிடம் எப்போதாவது வந்து ஒட்டிக்கொள்கின்றன. வந்தால் பெரும்பாலும் லேசான அழற்சி, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அதிகம். சிலருக்குப் புண்ணும் வரலாம். மால்ட் லிம்ஃபோமா என்கிற ஒரு வகைப் புற்றுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் "லேசான அழற்சிதானே" என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் புற்றிலும் ஆரம்பக் கட்டத்தில் கிருமியை ஒழித்தாலே கட்டி கரைந்துபோவது உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். பயமுறுத்திவிட்டு நிறுத்திக்கொள்ளாத மருத்துவர்.

மூச்சுப் பரிசோதனை ஏன் ஏமாற்றும் என்பதையும் விளக்கினார். அதில் கார்பன் 13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கிருமியிடம் இருக்கும் யூரியேஸ் என்சைம் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடுமாக ஆக்கும். அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வரும். குடிப்பதற்கு முன்னால் ஒரு பை, அரை மணி கழித்து ஒரு பை, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த அபூர்வக் கிருமிகளிடமும் யூரியேஸ் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் குறைவு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று திட்டுத்திட்டாக இருக்கும். அளவு எல்லைக்கோட்டைத் தொடாமலே போய்விடும். மலப் பரிசோதனை இன்னும் நேரடியாகவே பைலோரியின் புரதத்தைத் தேடுவது. வேறு இனம் இருந்தால் அதன் கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. பைலோரிக்கு இந்த இரண்டும் நல்ல பரிசோதனைகள்தான், குறை சொல்ல மாட்டேன். என் கேள்விக்குப் பதில் சொல்லும் பரிசோதனைகள் அவை இல்லை, அவ்வளவுதான்.

எண்டோஸ்கோபி அன்று வெறும் வயிற்றோடு போனேன். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே, வாயில் கடித்துக்கொள்ள ஒரு வளையம், இடது பக்கம் சாய்ந்து படுக்கை, தூக்க ஊசி. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது இங்கேதான். என்ன பார்த்தோம் என்பதை நான் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது என்னிடம் சொன்னார்கள். தலையை ஆட்டினேனாம். கூட வந்த என் அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள், அவளை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தூக்க ஊசி போடும் எல்லா இடத்திலும் இது வழக்கமாக வேண்டும்.

மற்றபடி வேலை சுத்தம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அங்கங்கே சிவப்பு, சின்னச் சின்ன மேடுகள், புண் இல்லை. படத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பார்ப்பதற்குச் சுமாராக இருக்கிறது என்று விட்டுவிடாமல் திசு எடுத்தார்கள். அதுவும் ஒரே இடத்தில் ஒரு துணுக்கு இல்லை. கீழ்ப்பகுதியில் இரண்டு, நடு உடலில் இரண்டு, இரண்டும் சேரும் வளைவில் ஒன்று. இது சிட்னி முறை என்று பேத்தாலஜிக்காரர்கள் சொல்லும் ஒழுங்கு. எங்கே எடுத்தது என்று எழுதித் தனித்தனி ஃபார்மலின் புட்டியில் போட்டார்கள். திட்டுத்திட்டாக வாழும் கிருமியைப் பிடிக்க வேண்டுமென்றால் பல இடத்தில் வலை போட்டால்தான் ஆகும். இன்னொரு துணுக்கை மஞ்சள் ஜெல்லில் செருகி வைத்தார்கள். யூரியேஸ் இருந்தால் அது சிவப்பாக மாறும். என்னுடையது மஞ்சளாகவே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு மூன்றாவது தடவையும் "இல்லை" என்றே வந்திருக்கும்.

திசு எடுப்பது வலிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்காது. இரைப்பையின் உட்பக்கத் தோலுக்குக் கிள்ளினால் தெரிகிற உணர்ச்சி கிடையாது. அன்று தொண்டை கரகரப்பாக இருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது.

இப்போது லேப். ரிப்போர்ட்டில் கீழ்ப்பகுதித் திசுவில் நாள்பட்ட அழற்சி, லேசான தீவிரம், பள்ளங்களில் நீண்ட, இறுக்கமாகச் சுருண்ட கிருமிகள், உருவ அமைப்பு பைலோரிக்குப் பொருந்தவில்லை, பைலோரி அல்லாத ஹெலிகோபாக்டராக இருக்கும் என்று எழுதியிருந்தது. நடு உடல் திசுவில் எதுவும் இல்லை. அதாவது அங்கே மட்டும் எடுத்திருந்தால் இந்தத் தடவையும் தப்பியிருக்கும்.

நான் அந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என் உடம்பில் இருந்து எடுத்தது, பார்க்க ஆசைப்பட்டதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். மருத்துவர் தயங்காமல் லேபுக்குப் போன் செய்து நேரம் வாங்கிக் கொடுத்தார். பேத்தாலஜிஸ்ட் அம்மா தன் மைக்ரோஸ்கோப்போடு இணைந்த திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்ததிலேயே மதிப்பான அரை மணி நேரம் அதுதான்.

முதலில் காட்டியது வழக்கமாக எல்லாத் திசுவுக்கும் போடும் இளஞ்சிவப்பு, ஊதாச் சாயம். இரைப்பையின் மேல்தோல் கீழே கீழே பள்ளமாக இறங்குகிறது. பள்ளங்களுக்கு இடையில் கருஊதாப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. அவை அழற்சிச் செல்கள், அங்கே அவ்வளவு இருக்கக் கூடாது என்றார். கிருமி எங்கே என்று கேட்டேன். அதே ஸ்லைடில்தான் இருக்கிறது, பழகிய கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கு இன்னொன்றைக் காட்டுகிறேன் என்று கீம்சா சாயம் போட்ட ஸ்லைடை எடுத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸைத் திருப்பினார்.

நீலமாக ஒரு பள்ளம், அதற்குள் வெளிறிய கோழை. கோழைக்குள் கருநீலத்தில் நாலைந்து கோடுகள். ஃபோகஸ் திருகை அவர் ஒரு மயிரிழை திருப்பியதும் கோடு ஒவ்வொன்றும் சுருளாக எழுந்தது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி, வளைவை எண்ணலாம். திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினால் இந்தச் சுருள் மங்கி, கீழே இருந்த இன்னொன்று தெளிவாகும். "எண்ணுங்க" என்றார். ஒன்றில் ஆறு வளைவு எண்ணினேன். பைலோரி இதில் பாதி நீளம்தான் இருக்கும், 2.5 முதல் 5 மைக்ரோமீட்டர், லேசாக வளைந்த குச்சி. இவை 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை போகும். பைலோரி செல்லின் மேற்பரப்பை ஒட்டிக்கொண்டு இருக்கும். இவை பெரும்பாலும் ஒட்டாமல் கோழைக்குள்ளும் பள்ளத்தின் உள்ளேயும் இருக்கும். அவர் திரையில் விரலை வைத்துக் காட்டியபோது எனக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஒப்பிட வசதியாக வேறொருவருடைய பழைய பைலோரி ஸ்லைடையும் எடுத்து வைத்திருந்தார், பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்து.

லேபுக்கு முழு மதிப்பெண் கொடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பைலோரியைக் கண்டுபிடிக்க இப்போது ஆன்டிபாடி வைத்துச் செய்யும் சாயமும் உண்டு. அந்தச் சாயம் இந்தச் சொந்தக்காரக் கிருமிகளையும் பல நேரம் பழுப்பாக்கிவிடும். நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு "பைலோரி பாசிட்டிவ்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். அப்படித் தப்பாக எழுதப்பட்டவை எத்தனையோ இருக்கும் என்றார் அவர். நிறத்துக்கு அப்புறமும் உருவத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்குப் பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

வேறு என்னவெல்லாம் தேடுவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது சார்சினா. நாலு நாலாகவோ எட்டு எட்டாகவோ பொட்டலம் கட்டின மாதிரி இருக்கும் கிருமி, 1842-லேயே ஜான் குட்சர் என்பவர் வாந்தியில் பார்த்து எழுதியிருக்கிறார். சாப்பாடு இரைப்பையில் இருந்து இறங்காமல் தேங்கி நிற்பவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்படும், அதனால் அதைப் பார்த்தால் உணவு ஏன் தேங்குகிறது என்றும் தேட வேண்டும். சிஃபிலிஸ் கிருமி இரைப்பையைத் தாக்குவது உண்டு. வெளித்தோற்றம் புற்று மாதிரியே இருந்து ஏமாற்றும், ஆனால் பென்சிலினில் குணமாகும். காசநோய்க் கிருமி இரைப்பைக்கு வருவது அபூர்வம், வந்தால் திசுவில் கட்டிகட்டியாக அழற்சி தெரியும், அதற்குச் சாயமும் வேறு. இரைப்பைச் சுவருக்குள்ளேயே சீழ் பிடிப்பது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணம். அது காத்திருக்கும் நோய் இல்லை, உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "அழற்சி" என்று ஒரே வார்த்தையில் ரிப்போர்ட்டை முடித்துவிட்டால் இவ்வளவும் அந்த வார்த்தைக்கு அடியில் மறைந்துபோகும்.

இந்தச் சுருள் கிருமிகள் ஒன்றும் புதுசு இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1893-லேயே இத்தாலியில் ஜூலியோ பிஸ்ஸோசெரோ நாயின் இரைப்பையில் இவற்றைப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறார். 1896-ல் சலோமோன் அதை எலிக்குப் பரவச் செய்து காட்டினார். மனிதனின் இரைப்பையில் கிருமி வாழும் என்பதை உலகம் ஒத்துக்கொண்டது பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் பைலோரியை வளர்த்துக் காட்டிய பிறகுதான், அதற்கு 2005-ல் நோபல் பரிசு. நீண்ட சுருள் வகையை மனிதர்களிடம் கண்டு எழுதியது 1987-ல். பன்றியின் சூயிஸ் கிருமியை லேபில் வளர்க்க முடிந்தது 2008-ல். அவ்வளவு அடம்பிடிக்கும் கிருமி. இந்தக் கடைசித் தகவல் வெறும் சரித்திரம் இல்லை. வளர்க்க முடியாத கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும், எது கேட்காது என்று சாதாரண லேபில் சோதித்துப் பார்க்க முடியாது. என் சிகிச்சையும் அதனால்தான் பைலோரி சிகிச்சையின் தடத்திலேயே போனது.

எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல, கிருமியின் மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனை வேண்டும். இந்த லேபில் அந்த வசதி இல்லை. வெளியே அனுப்பலாம், ஆனால் இனம் தெரிந்தாலும் மருந்து மாறப் போவதில்லை என்று மருத்துவர் சொன்னார். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான். எந்த நாய், எந்தப் பூனை என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆனாலும் அவர் சொன்ன காரணம் நியாயமாக இருந்ததால் விட்டுவிட்டேன். லேபின் மதிப்பெண்ணை இதற்காகக் குறைக்கவில்லை, இல்லாததை இல்லை என்று நேராகச் சொன்னார்கள்.

மருந்து 14 நாள் கோர்ஸ். ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை இரண்டு வேளை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோநிடசோல். இந்த அபூர்வக் கிருமிக்கென்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்ததில்லை, பைலோரிக்குக் கொடுப்பதைக் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள், அதனால் கொடுக்கிறோம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. "கண்டிப்பாகப் போய்விடும்" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

மருந்துக் கவுன்டரில் இருந்த பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசை நின்றாலும் அவசரப்படவில்லை. எந்த மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார். டெட்ராசைக்ளினைப் பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்க்கக் கூடாது, உடம்பில் ஏறாது. நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். இதை ஏன் சொல்கிறார் என்றால், நான் வெயிலில் வேலை செய்பவள் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெட்ரோநிடசோல் எடுக்கும்போதும் முடித்த பிறகு சில நாளும் மது கூடாது. "நாக்கும் மலமும் கறுப்பாகும், பயப்படாதீங்க அக்கா, பிஸ்மத்தோட வேலை அது" என்றார். மூன்றாம் நாள் கண்ணாடியில் என் நாக்கைப் பார்த்தபோது அந்த வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எமர்ஜென்சிக்கு ஓடியிருப்பேன். வாயில் எப்போதும் உலோகத்தைச் சப்பின மாதிரி ஒரு கசப்பு, அது மெட்ரோநிடசோல். சாப்பாடு ருசிக்காது. சோர்வாக இருக்கும். நடுவில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போவதற்கு நாமே வழிவிட்டதாக ஆகிவிடும்.

கோர்ஸ் முடிந்தது. எரிச்சல் போய்விட்டது. ஆனால் எரிச்சல் போவதும் கிருமி போவதும் ஒன்றல்ல என்பதால், போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம், ஆசிட் மாத்திரை நிறுத்தி 2 வாரம் கழித்துத்தான் அதைப் பார்க்க முடியும். அன்று பெரிய மருத்துவர் இல்லை. இளம் மருத்துவர் ஒருவர், வழக்கம்போல மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லேப் ரிப்போர்ட்டின் அடியில் பேத்தாலஜிஸ்ட் அம்மா ஒரு வரி சேர்த்திருந்தார், நான் அதைக் காட்டினேன். பைலோரி அல்லாத இனம், தொடர் பரிசோதனைக்கு மூச்சு, மலப் பரிசோதனைகளை நம்ப வேண்டாம், திசு வேண்டும் என்று. அவர் படித்துப் பார்த்து, உடனே பெரியவரைப் போனில் கூப்பிட்டு, எழுதியதை அடித்துவிட்டு எண்டோஸ்கோபிக்கு எழுதினார். கிருமி இருந்தபோதே "இல்லை" என்று சொன்ன பரிசோதனை, இப்போது "இல்லை" என்று சொன்னால் அதை வைத்து என்ன செய்ய முடியும்? ரிப்போர்ட்டில் "பைலோரி பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்திருந்தால் நான் அந்தப் பையில் ஊதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். உருவத்தைப் பார்க்கும் பிடிவாதம் கைகொடுத்தது என்று சொன்னேனே, அது இதுதான்.

இரண்டாவது எண்டோஸ்கோபியில் தூக்க ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஸ்ப்ரே மட்டும். சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், குமட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்ற நர்ஸ் என் தோளில் கையை வைத்து, எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது எச்சிலை விழுங்காமல் வழிய விட வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, என்ன பார்த்தார்கள் என்று முழு நினைவோடு கேட்டுக்கொண்டேன். அதே ஐந்து இடத்தில் மறுபடியும் திசு. ரிப்போர்ட்டில் சுருள் கிருமிகள் எந்தத் துணுக்கிலும் இல்லை, கீம்சா சாயத்திலும் இல்லை, அழற்சி குறைந்திருக்கிறது, முழுதாக ஆறச் சில மாதம் ஆகலாம் என்று வந்தது.

நாய்களைப் பற்றிக் கேட்காமல் எப்படி? அதுதான் என் சோறு, என் சந்தோஷமும் அதுதான். முதல் ரிப்போர்ட் வந்ததுமே உறவுக்காரர் ஒருவர் "எல்லாவற்றையும் அனுப்பிவிடு" என்றார். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நாய், பூனைகளில் ஏராளமானவை இந்தக் கிருமிகளைச் சுமந்துகொண்டு நோய் எதுவும் இல்லாமல் இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் மருந்து கொடுப்பது வழக்கம் இல்லை, கொடுத்தாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றார். என்னைத்தான் மாறச் சொன்னார். வாய், மூக்கு அருகில் நக்க விடாதே, அவற்றின் வாந்தியை, எச்சிலைத் துடைத்தால் சோப்புப் போட்டுக் கை கழுவு, அவற்றின் தட்டும் உன் தட்டும் ஒரே தொட்டியில் வேண்டாம். முகத்தை நக்க வரும் நாயை உட்காரச் சொல்லிப் பழக்குவது என் தொழில்தானே. இப்போது முதல் பாடமாக அதையே வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர்களும் அதை விரும்புகிறார்கள்.

கடைசியாக அந்த இரண்டு மதிப்பெண் விஷயம். இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை எழுதும் லேப், அதை மருத்துவருக்கு மட்டும்தான் அனுப்புகிறது. நோயாளிக்கு வேண்டுமென்றால் ரெக்கார்டு அறையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, இன்னொரு நாள் வந்து வாங்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்ததால்தான் அந்த இளம் மருத்துவரிடம் அந்த வரியைக் காட்ட முடிந்தது. இது ஆஸ்பத்திரி மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம், புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை, அங்கே போகிறவர்கள் திசு எடுத்த அன்றே ரெக்கார்டு அறையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். "ரிப்போர்ட் நகல்" என்று எழுதும் இடத்தில், மெழுகில் பதித்த திசுக்கட்டியும் ஸ்லைடும் தேவைப்பட்டால் வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவற்றைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கும் என்றைக்காவது பிசிஆர் செய்து பார்க்கத் தோன்றினால், அந்த அறையில் என் திசுக்கட்டி இருக்கிறது.